நடுராத்திரியில் மறித்து மிரட்டிக் கொடுத்த சம்மனைக் கட்டிவிடலாமா, கோர்ட்டில் எதிர்க்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பது இதுதான்: வயது 22, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நடுராத்திரி தோட்டத்துச் சாலையில் போலீஸ் ரோந்துக் கார் அவருடைய மோட்டார் சைக்கிளை மறித்திருக்கிறது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, லோக்காப்பில் போடுவோம் என்று மிரட்டி, கடைசியில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக ஒரு சம்மன் (போக்குவரத்து அபராதச் சீட்டு) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாண்டவே இல்லை என்கிறார். வீட்டில் "கட்டிட்டு வேலையைப் பாரு" என்கிறார்களாம்.

தம்பி, நிஜமாகவே தாண்டவில்லை என்றால் கட்டாதீர்கள். தாண்டியிருந்தால், அவர்கள் எவ்வளவு கேவலமாகப் பேசியிருந்தாலும் கட்டிவிடுங்கள், ஏனென்றால் கோர்ட்டில் கேட்கப் போவது விளக்கு சிவப்பா பச்சையா என்பதை மட்டும்தான். மிரட்டியதற்குப் போக வேண்டிய இடம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாஜிஸ்திரேட் முன்னால் அவிழ்த்தால் இரண்டுமே எடுபடாது.

எனக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெற்கே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டணம் எங்களுடையது, பெயர் வேண்டாம். மாலை ஷிப்ட் முடிந்து பெரிய சாலைச் சந்திப்பில் பச்சையில் வலது பக்கம் திரும்பி, தோட்டத்துக்குள் போகும் சாலையில் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் பின்னால் நீல விளக்கு தெரிந்தது. சந்திப்பில் பெட்ரோல் நிலையம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, அங்கே நிறுத்தவில்லை. ஒரு வீடுகூட இல்லாத இருட்டில் நிறுத்தினார்கள். டார்ச்சை முகத்தில் அடித்து, ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி, சாவியை உருவி, பையைக் கொட்டி, குடித்திருக்கிறாயா, என்ன வைத்திருக்கிறாய், எந்த கேங் என்று கேள்வி மேல் கேள்வி. அப்புறம் குரல் இறங்கியது: "மச்சாம் மானா மாவ் செட்டல்?" எப்படி முடித்துக்கொள்ளலாம் என்று, அதாவது லஞ்சம். நான் "துவான் (ஐயா), சம்மன் கொடுத்துடுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் எழுதினார்கள்.

அந்த 'செட்டல்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் போய்விடலாமே என்று அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றும். ஆனால் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி வாங்குகிறவரோடு கொடுக்கிறவரும் குற்றவாளிதான். கேட்டார்கள் என்று தெரிந்தும் தக்க காரணமில்லாமல் புகார் செய்யாமல் இருப்பதுகூட அதன் 25-ஆம் பிரிவில் குற்றம். உங்களிடம் அப்படிக் கேட்டிருந்தால் அந்த ஆணையமான எஸ்பிஆர்எம்மில் சொல்லுங்கள்.

வீட்டில் பயப்படுகிறார்களே என்று அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். 2009-இல் சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் இறந்த குகனையும், 2013-இல் கோலாலம்பூரில் இறந்த தர்மேந்திரனையும் நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. ராத்திரியில் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்பதே அவர்களுக்குப் போதும். ஆனால் சம்மனை எதிர்ப்பது பகல் வெளிச்சத்தில், திறந்த கோர்ட்டில், எல்லார் முன்னாலும் நடக்கிற காரியம். அந்த இருட்டுச் சாலைக்குத் திரும்பிப் போவதில்லை. என் அப்பாவுக்கு இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

இனிமேல் யாராவது மறித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஷிப்டுக்குப் போகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும். சீருடையில் இருந்தால் மார்பில் உள்ள பெயரையும் எண்ணையும், காரின் நம்பரையும் மனதில் பதிய வையுங்கள். சீருடை இல்லை என்றால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம்: நீல அட்டை இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழே, வெள்ளை துணைப் படை, சிவப்பு பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு உங்களிடம் எந்த அதிகாரமும் கிடையாது. வழக்கறிஞர் மன்றம் பல வருடமாகச் சொல்லி வரும் விஷயம் இது, ஆனாலும் நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை. ஐசியும் லைசென்ஸும் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். "நான் கைதா, துவான்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரிடம் பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், இதெல்லாம் அரசமைப்பின் 5-ஆவது விதியில் இருக்கிறது. குரலை மட்டும் உயர்த்தாதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள். கடமையைத் தடுத்தான் என்று தண்டனைச் சட்டம் 186-ஐப் போட அது ஒன்றே போதும்.

சரி, உங்கள் சம்மனுக்கு வருவோம்.

காசுக் கணக்கை முதலில் பாருங்கள். காம்பவுண்ட், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் கட்டி முடிக்கும் தொகை, அதிகபட்சம் 300 வெள்ளி. 2026 ஜனவரி முதல் சீக்கிரம் கட்டினால் கழிவு: முதல் 15 நாளுக்குள் பாதி, 30 நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு, 60 நாள் தாண்டினால் கோர்ட். கட்டிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது, பிறகு நான் தாண்டவில்லை என்று கிளம்ப முடியாது. கோர்ட்டில் எதிர்த்துத் தோற்றால் சிவப்பு விளக்குக்கு 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஆக, பயமுறுத்துவது சட்டம் மட்டுமில்லை, இந்தக் கழிவும்தான்: செய்யாத தப்புக்கு 150 வெள்ளியோடு ஒழிகிறது என்று நினைக்க வைக்கிறது. ஆனால் சிவப்பு விளக்குக்கு லைசென்ஸில் 4 புள்ளி ஏறும். நாளைக்கு லாரி ஓட்டவோ இ-ஹெய்லிங் (செயலி வழி வாடகைக் கார்) ஓட்டவோ நினைக்கிற பிள்ளைக்கு அது வெறும் 150 வெள்ளி விஷயம் இல்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது, நடந்ததை எழுதி வைப்பது. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கைப்பேசியில் எல்லாவற்றையும் எழுதினேன்: எந்த இடம், என்ன நேரம், யார் என்ன சொன்னார், பெயர்ப்பட்டையில் என்ன இருந்தது. காலையில் ஒரு போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்தேன். எந்த நிலையத்திலும் செய்யலாம், நிறுத்தியவர்கள் இருக்கிற நிலையத்துக்கே போக வேண்டியதில்லை, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே பெட்ரோல் நிலையத்துக்குப் போய் டவ்க்கேயிடம் (முதலாளியிடம்) கேமரா பதிவைக் கேட்டேன். இதைத் தள்ளிப் போடாதீர்கள், பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பதிவு கிடைத்தால் மட்டும் போதாது, அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்கிறவரின் சான்றிதழும் வேண்டும், சாட்சியச் சட்டம் 90ஏ பிரிவு அதைத்தான் கேட்கிறது. தொழிற்சாலை பஞ்ச் பதிவுக்கும் (வேலைக்கு வந்த, போன நேரப் பதிவு) அப்படித்தான். சம்மனில் எழுதிய நேரத்துக்கு நீங்கள் இன்னும் வேலையிலேயே இருந்தீர்கள் என்று பஞ்ச் பதிவு காட்டினால் அதைவிட வேறு என்ன வேண்டும்.

மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் போக்குவரத்துப் பிரிவுத் தலைவருக்கு ஒரு முறையீட்டுக் கடிதமும் கொடுத்துப் பாருங்கள். எனக்குப் பதிலே வரவில்லை, உங்களுக்கு வரலாம்.

கோர்ட் தேதியைத் தவற விடாதீர்கள், வாரண்ட் வந்துவிடும். முதல் நாள் வெறும் செபுத்தான்தான் (வழக்கைக் கூப்பிடும் நாள்), சாட்சி விசாரணை இருக்காது. குற்றச்சாட்டைப் படிப்பார்கள். மலாய் சரளமாக வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள், "ஃபஹாம்" (புரிந்தது) என்று தலையாட்டிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள். கேட்டு முடித்ததும் "சாயா மிந்தா பிச்சாரா" (நான் விசாரணை கேட்கிறேன்) என்று சொன்னால் போதும், காரணம் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் ஜாமீன் வைக்கலாம், அதனால் ஐசியோடு உறவுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கையில் கொஞ்சம் காசோடு போங்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நல்ல வேளையாக மாமா கூட வந்திருந்தார். விசாரணைக்கு முன் அரசுத் தரப்பு காட்டப் போகும் ஆவணங்களின் நகலை உங்களிடம் தர வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51ஏ பிரிவு. அதையும் அன்றைக்கே கேட்டு வையுங்கள்.

விசாரணை நாளில் நிரூபிக்க வேண்டியது அவர்கள். நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம், வழக்கறிஞர் இல்லாவிட்டாலும் செய்யலாம். நான் கேட்டதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: கார் எங்கே நின்றது, அங்கிருந்து எந்த விளக்கைப் பார்த்தீர்கள்? சாட்சி சொன்ன போலீஸ்காரர் ஒர்க்ஷாப் பக்கம் உள்ள சின்னச் சாலையைச் சொன்னார். பகலில் அதே இடத்தில் நின்று நான் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். அங்கிருந்து பார்த்தால் என் பாதைக்கான விளக்கின் முதுகுதான் தெரியும், அதுவும் பாதி ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால். இதுதான் இடமா என்று கேட்டேன், ஆமாம் என்றார். நிறம் தெரிந்ததா என்று கேட்டதற்கு, மற்றப் பக்கத்து வண்டிகள் கிளம்பியதை வைத்துச் சொன்னேன் என்றார். தற்காப்பு வாதத்துக்கு அழைக்காமலேயே மாஜிஸ்திரேட் விடுவித்துவிட்டார். டார்ச், சாவி, 'செட்டல்' பற்றி அங்கே நான் வாயே திறக்கவில்லை, நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தாலும்.

சாட்சி வராமல் போனால் சில சமயம் வழக்கிலிருந்து விடுவிப்பார்கள், ஆனால் அது விடுதலை ஆகாது, திரும்பவும் குற்றம் சாட்டலாம். அப்படி நடந்தால் முழு விடுதலை தர வேண்டும் என்று கேளுங்கள்.

மிரட்டலுக்கான புகார் தனி. போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் நேர்மை, தர இணக்கத் துறையான ஜிப்ஸ் இருக்கிறது. 2023 ஜூலை முதல் போலீஸ் நடத்தை ஆணையமான ஐபிசிசியும் இயங்குகிறது, மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் இருக்கிறது. நான் இரண்டு இடத்துக்கு எழுதினேன். வாக்குமூலம் வாங்கினார்கள், முடிவு இன்னும் சொல்லவில்லை. அதற்காக எழுதாமல் விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், என்னை நிறுத்திய இரண்டு போலீஸ்காரர்களின் பெயரும் எண்ணும் ஒரு கோப்பில் ஏறியிருக்கிறது, அடுத்த பிள்ளை எழுதும்போது அது இரண்டாவது புகாராக இருக்கும்.

தம்பி, உங்கள் சம்மனில் இடம், நேரம், சட்டப் பிரிவு என்று எழுதியிருக்கும் மூன்றையும் கருத்துப் பகுதியில் போடுங்கள், ஐசி எண்ணையும் வண்டி எண்ணையும் மறைத்துவிட்டு. பேராக் என்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். வேறு மாநிலம் என்றால் சொல்லுங்கள், எங்கே என்று பார்த்துச் சொல்கிறேன். அந்தச் சந்திப்பில் கேமரா வைத்த கடையோ பெட்ரோல் நிலையமோ இருந்தால், அங்கே மட்டும் நாளைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.