வாசகர் கேள்வி – பதில்: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை

கேள்வி: நீச்சல் குளத்தில் பயிலும் என் மகன், மிகிர் சென் போலக் கடலை நீந்திக் கடக்கப்போவதாகச் சொல்கிறான். அவர் நம் ராமேசுவரம் பக்கத்துக் கடலிலும் நீந்தினாராமே? சிறுவயது முதலே பயின்றவரா?
— வாசகர், செல்லூர், மதுரை.

பதில்: நெடுந்தூர நீச்சலை அவர் சிறுவயதில் பயிலவில்லை. 1930-இல் புருலியாவில் பிறந்த மிகிர் சென், சட்டம் படிக்க இங்கிலாந்து சென்ற பிறகே, 1950-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த அமெரிக்கப் பெண்மணி புளோரன்ஸ் சாட்விக்கைப் பற்றிப் படித்து இந்த ஆசை கொண்டார். தோல்விகளுக்குப் பின், 1958 செப்டம்பர் 27 அன்று 14 மணி 45 நிமிடங்களில் அக்கால்வாயைக் கடந்த முதல் இந்தியரானார்.

நம் பக்கத்துக் கடலுக்கு அவர் வந்தது 1966 ஏப்ரலில். தலைமன்னாரில் இறங்கி, 25 மணி நேரத்துக்கும் மேலாக, இரவு முழுவதும் நீந்தி, தனுஷ்கோடியில் கரையேறினார். 1964 டிசம்பர்ப் புயல் அவ்வூரை அழித்து ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. வரைபடத்தில் ஏறத்தாழ 30 கிலோமீட்டரே தெரியும் தூரத்துக்கு இத்தனை நேரமா என்று வியக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே மணல்திட்டுகளின் ஊடாகப் பாயும் நீரோட்டம், நீந்துபவரை நேர்கோட்டில் செல்ல விடுவதில்லை.

அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் ஆகியவற்றையும் நீந்தினார். பத்மஸ்ரீயும் பத்மபூஷணும் கிடைத்தன. ஆயினும் அவருடைய பெரும் போராட்டம் தண்ணீரில் மட்டும் நிகழ்ந்ததன்று என்பது என் கருத்து. உடன்வரும் கப்பலுக்கும் பயணத்துக்கும் பணம் திரட்டுவதே தனி வேலையாக இருந்தது. பாக் நீரிணை நீச்சலுக்கு இந்தியக் கடற்படை துணை வந்ததால்தான் அது கைகூடியது. (பரிசளிப்பு விழாக்களில் இந்தப் பகுதியை எவரும் பேசுவதில்லை.) 1994-இல், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து மிகிர் சென்னின் சாதனையை முறியடித்த ஈரோட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரனும், பிற்காலத்தில் ஆதரவாளர் கிடைக்காத நிலையில் நீச்சலை விட்டுப் படிப்பின் பக்கம் திரும்பினார்.

தங்கள் மகனைத் தடுக்க வேண்டாம். ஆனால் குளத்தில் சுவரை உதைத்துத் திரும்பிப் பழகியவருக்கு, கடலில் அலையும் உப்பும் ஜெல்லி மீன்களும் புதியவை; ஆகவே பயிற்சியாளரும் படகும் உடனிருக்க, கரையோரமாகவே சிறுகச் சிறுகப் பழகட்டும். தலைமன்னாரிலிருந்து நீந்துவதற்கு இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் அனுமதியும் வேண்டும் என்பதால், அந்த முயற்சிக்கு விண்ணப்ப வேலையையும் முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கும்.