முகமாலையும் வல்லரசுகளும்

அன்புள்ள அண்ணை,

ஐ.நா.வால் ஒரு போரையும் நிறுத்த முடியவில்லை. அமெரிக்கா ஒவ்வொரு அமைப்பாக விட்டு விலகுகிறது. இனியும் சர்வதேச ஒத்துழைப்பு என்று பேசிக்கொண்டிருக்காமல், பலமான ஒரு பக்கத்தோடு நாங்கள் சேர்ந்துகொள்வதுதானே புத்தி?

க., சாவகச்சேரி

அன்புள்ள க.,

உங்கள் சலிப்பு விளங்குகிறது. பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளின் கையில் வீட்டோ, அதாவது எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுக்கும் அதிகாரம், இருக்கும்வரை அங்கிருந்து பெரிதாக ஒன்றும் வராது, 2009இல் எங்கள் போரின் கடைசி மாதங்களில் அதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

ஆனால் பலமான பக்கம் எங்களை எப்படிப் பார்க்கும்? யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான மின்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 தொடக்கத்தில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், அது ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா எதிர்த்தது, அந்த வருடம் முடிவதற்குள் சீனத் தரப்பு விலகியது, 2022 மார்ச்சில் இந்தியா அதைத் தன் நன்கொடையாக எடுத்துக்கொண்டது. நன்கொடை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பேச்சு முழுக்க யாருடைய பாதுகாப்பு என்பதாகவே இருந்தது, தீவுச் சனம் காத்திருந்தது.

இப்போது முகமாலைக்கு வாருங்கள், உங்களுக்குக் கிட்டத்தான், போர் முன்னரங்காக இருந்து மிதிவெடி நிறைந்துபோன இடம். மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997இல் வந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஒன்றும் சேரவில்லை. கனடா முன்னின்றது, சின்ன நாடுகளும் தொண்டு அமைப்புகளும் கூடவே நின்றன, இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. கையெழுத்துப் போடாத அமெரிக்காவும்கூட ஜப்பானோடு சேர்ந்து இங்கே மிதிவெடி அகற்றக் காசு கொடுத்தது. எங்கள் பெண்கள், போரில் கணவனை இழந்தவர்கள் பலர், வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறித்தான் அந்தக் காணிகளைச் சனத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். வல்லரசுகள் தலைமை தாங்காமலும் ஒத்துழைப்பு நடக்கும் என்று நான் நம்புவது இதனால்தான்.

அதனால்தான் 2025இல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் அந்த உடன்படிக்கையை விட்டு விலகத் தீர்மானித்தது என்னை இவ்வளவு வருத்துகிறது. ரஷ்யாவுக்கு அயலில் இருப்பவர்களின் பயம் பொய்யில்லை. சரி, ஆனாலும் போர் முடிந்த பிறகு அந்த மண்ணில் நடக்கப்போவது அவர்களுடைய பிள்ளைகள்தானே?

கொழும்பு செய்ய வேண்டியது பக்கம் தேடுவதல்ல. முகமாலையில் வேலை செய்த பெண்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஐந்து தலைநகரங்களுக்கும் போய், திரும்பி வாருங்கள் என்று கேட்க வேண்டும்.