சம்பளம், வாடகை, வட்டி மூன்றும் சேர்ந்தால் வருமான வரி எவ்வளவு?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 230,000 ரூபா; ஆண்டுக்கொரு தடவை 240,000 ரூபா போனஸ் கிடைக்கும். திருநெல்வேலியிலுள்ள சீதன வீட்டை மாதம் 40,000 ரூபாவுக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். நிலையான வைப்பின் வட்டி ஆண்டுக்கு 240,000 ரூபா. லீசிங்கில் கார் எடுக்க எண்ணியிருப்பதால், வரி எவ்வளவு போகும் என்று அறிய வேண்டும். மாதம் 20,000 ரூபா கூட்டித் தரும் பதவியுயர்வை ஏற்றால், உயர்ந்த வரி வீதத்துக்குள் போய் நட்டப்படுவேன் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா? – வாசகி, கோண்டாவில்

பதில்: பதவியுயர்வைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வருமானம் படிகளாகப் பிரிக்கப்பட்டே வரி கணக்கிடப்படுகிறது; உயர்ந்த வீதம் அதற்குரிய படிக்குள் விழும் தொகைக்கு மட்டுமே உரியது. கீழ்ப்படிகளில் உள்ள பணத்துக்கான வரி அதனால் ஒரு ரூபாவும் கூடாது. இந்தத் தவறான கணக்கை நம்பிச் சம்பள உயர்வையே மறுத்துவிடுகிறவர்கள் இருப்பது வருத்தத்துக்குரியது.

இலங்கையில் வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையாகும். 2025/2026 வரியாண்டு முதல், ஆண்டு வருமானத்தில் 1,800,000 ரூபா தனிநபர் நிவாரணமாகக் கழிக்கப்பட்டு, மிகுதியில் முதல் 1,000,000 ரூபாவுக்கு 6 வீதமும், அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு 500,000 ரூபாவுக்கும் முறையே 18, 24, 30 வீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 36 வீதமும் அறவிடப்படுகின்றன. நிவாரணம் 1,200,000 ரூபாவாக இருந்த பழைய அட்டவணை இன்னும் பலரிடம் உண்டு. அதன்படி பார்த்தால் உங்களுக்கு 420,000 ரூபா வரி வரும். அது இப்போது பொருந்தாது.

வீடு உங்கள் பெயரிலேயே இருப்பதாகக் கொண்டு கணக்கிடுகிறேன். சம்பளமும் போனசும் சேர்ந்து 3,000,000 ரூபா. இங்கே சம்பளம் என்பது ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிப்பதற்கு முந்திய தொகையே. சம்பளச் சிட்டையின் அடியில் உள்ள, கைக்கு வரும் தொகையை எடுத்தால் வரி குறைவாகத் தோன்றும். வாடகை 480,000 ரூபாவில் 25 வீதம் நிவாரணமாகக் கழிய, 360,000 ரூபா எஞ்சும். வட்டியையும் கூட்டினால் மொத்தம் 3,600,000 ரூபா. தனிநபர் நிவாரணம் போக, வரிக்குரியது 1,800,000 ரூபா. அதில் முதற்படிக்கு 60,000, இரண்டாம் படிக்கு 90,000, மூன்றாம் படியில் விழும் 300,000 ரூபாவுக்கு 72,000 என ஆண்டு வரி 222,000 ரூபா ஆகிறது.

நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் நிறுவனம் தான் கொடுக்கும் சம்பளத்தையும் போனசையும் மட்டும் பார்த்து ஏறத்தாழ 96,000 ரூபாவைப் பிடித்திருக்கும். வங்கி வட்டியில் 10 வீதமாக 24,000 ரூபாவைப் பிடித்திருக்கும். மிகுதி 102,000 ரூபாவை எவரும் உங்களுக்காகக் கட்டுவதில்லை. சம்பளத்திலும் வட்டியிலும் வரி பிடித்தாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று இருந்துவிடுபவர்களுக்குப் பின்னர் தண்டப்பணமும் வட்டியும் சேர்ந்து வருகின்றன. இத்தொகையைக் காலாண்டுத் தவணைகளாக, ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளுக்குள், தடவைக்கு 25,500 ரூபாவாக உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும்.

பதவியுயர்வால் ஆண்டுக்கு 240,000 ரூபா கூடும். அதில் 200,000 ரூபா 24 வீதத்திலும் 40,000 ரூபா 30 வீதத்திலும் விழுவதால், கூடும் வரி 60,000 ரூபா மட்டுமே. சேமலாப நிதிக் கழிவு வேறாக, மாதம் 15,000 ரூபா உங்களுக்கு மிஞ்சும்.

காரைப் பொறுத்தவரை, சொந்தப் பாவனைக்கான லீசிங் தவணையைச் சம்பள வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. விற்பனையாளர் எவராவது வரி குறையும் என்று சொன்னால் அதை நம்பிக் கையொப்பமிட வேண்டாம். நீங்களே கட்ட வேண்டிய 102,000 ரூபாவுக்காக, இப்போதைய சம்பளத்தின்படி மாதந்தோறும் 8,500 ரூபாவை வரிக்கென ஒதுக்கிவிட்டு, மிகுதியில் தாங்கக்கூடிய தவணையைத் தீர்மானியுங்கள். நிறுவனமும் வங்கியும் தரும் வரிக்கழிவுச் சான்றிதழ்களை, வாடகை ஒப்பந்தத்துடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வரியாண்டு முடிந்தபின் நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கும்போது அவை தேவைப்படும்.