சோபாவில் சாய்ந்து பார்க்கிறவனிடம் சில கேள்விகள்

நான் விமர்சகன் இல்லை. வேலை முடிந்து வந்து சாய்ந்து உட்கார்ந்து படமும் சீரியலும் பார்க்கிறவன். பார்த்ததைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவதால் கேள்விகள் வந்து சேர்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, புது டிவியில் பெரிய படம்கூட சீரியல் மாதிரியே தெரிகிறதே?

படத்தின் மேல் தப்பில்லை. சினிமா பொதுவாக வினாடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 அசையாப் படங்கள். உங்கள் டிவி அவற்றுக்கு நடுவே தானாகப் புதுப் பிரேம்களைச் செய்து செருகுகிறது. அசைவெல்லாம் வழுக்கிக்கொண்டு போக, வீடியோவில் எடுத்த நாடகம் போல ஆகிவிடுகிறது. பிக்சர் செட்டிங்கில் ‘மோஷன்’ என்று வருவதைத் தேடி அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும். ஒரு படத்தை ‘மலிவாக எடுத்திருக்கிறார்கள்’ என்று திட்டிப் பாதியில் நிறுத்தியவன் நான். பிறகுதான் தெரிந்தது, கோளாறு என் டிவி செட்டிங்கில்.

கேள்வி: பேசுவது காதில் விழவில்லை, சண்டை வந்தால் வீடே அதிர்கிறது. ரிமோட்டும் கையுமாகவே இருக்கிறேன்.

தியேட்டருக்கான 5.1 ஒலியில் (பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் ஒலி) வசனத்துக்கென்றே நடுவில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் எல்லாம் ஒன்றாகக் கலக்கும்போது வசனம் அமுங்கிவிடும். அந்த ஸ்பீக்கர்களும் பல டிவிகளில் கீழ்நோக்கியோ பின்பக்கமோதான் இருக்கின்றன. ஆடியோவில் 5.1-க்குப் பதில் ‘ஸ்டீரியோ’ இருந்தால் தேர்ந்தெடுங்கள். பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் ‘நைட் மோட்’ இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் சரிவரவில்லையா, சப்டைட்டில் போடுங்கள். தெரிந்த மொழிக்கே போடுவதில் வெட்கம் எதற்கு?

கேள்வி: மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது. ஜூம் செய்யலாமா?

வேண்டாம். டிவி திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9. அகலத்திரைப் படம் பெரும்பாலும் 2.39:1. திரை நிறைய ஜூம் செய்தால் பக்கவாட்டில் ஏறக்குறைய கால்வாசிப் படம் போய்விடும். ஓரத்தில் நிற்கிறவர் காணாமல் போவார், அவருடைய குரல் மட்டும் கேட்கும்.

கேள்வி: அம்மா பார்க்கும் சீரியலில் ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு தடவை சொல்கிறார்கள். எப்படித்தான் பொறுமையாகப் பார்க்கிறாரோ!

அம்மா பார்க்கவில்லை, கேட்கிறார். இந்த வடிவமே வானொலியில் பிறந்தது. 1930களில் அமெரிக்காவில் பகல் நேர வானொலித் தொடர்களுக்கு சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் தந்தன. ‘சோப் ஓபரா’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஒரு கையில் வேலை, காது மட்டும் கதையில். நடுவில் எழுந்து போய் வருகிறவருக்காகவே எல்லாவற்றையும் திரும்பச் சொல்வார்கள். காய் நறுக்கிக்கொண்டே ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள், அலுப்பே தெரியாது. கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் இழுவை. ஒரு அதிர்ச்சிக்கு எட்டு முகங்களைக் காட்டுவதை மட்டும் என்னாலும் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: வெப் சீரிஸை ஒரே மூச்சில் பார்ப்பதா, மெதுவாகவா?

2013-இல் நெட்பிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ முதல் சீசனின் 13 பாகங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. அப்போதிலிருந்து நம் தூக்கம் போச்சு. அதற்கு முன்பெல்லாம் அப்படியில்லை: 1980 மார்ச்சில் ‘டல்லாஸ்’ என்ற அமெரிக்க சீரியலின் முக்கியப் பாத்திரத்தைச் சுட்டது யார் என்பதற்கு நவம்பர் வரை காத்திருந்தார்கள். எனக்கு நாளுக்கு இரண்டு பாகம். அதற்கு மேல் போனால் யார் யாருக்குச் சித்தப்பா என்பதே குழம்புகிறது.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படம் பார்த்ததே இல்லை. எதில் தொடங்கலாம் சார்?

‘12 ஆங்ரி மென்’, 1957. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஏறக்குறைய முழுக்க ஒரே அறையில் பன்னிரண்டு ஜூரிகள் (ஒரு வழக்கில் தீர்ப்பு சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள்) வாதாடுகிறார்கள். சின்னத் திரையில் எதுவும் குறையாது. போகப் போக அந்த அறை சுருங்குவது போல இருக்கும். இயக்குநர் சிட்னி லூமெட் படம் நகர நகர பின்னணியை நெருக்கிக் காட்டும் நீளமான லென்ஸ்களுக்கு மாறி, கேமராவையும் கீழே இறக்கிக்கொண்டே போனார். கடைசியில் கூரையே தலையில் இடிக்கும். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: டப்பிங்கா, சப்டைட்டிலா?

தனியாக இருந்தால் சப்டைட்டில். வீட்டோடு பார்த்தால் டப்பிங். சண்டை வராது.

கேள்வி: பாதியில் தூங்கிவிட்டேன். படம் மோசம் என்று சொல்லலாமா?

எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? பதினொன்றுக்கு மேல் என்றால் அந்தத் தீர்ப்பு செல்லாது. நாளைக்கு, தூங்கிய இடத்திலிருந்து பத்து நிமிடம் பின்னால் தள்ளி, அங்கிருந்து போட்டுப் பாருங்கள். மறுபடியும் தூங்கினால் தாராளமாகச் சொல்லலாம்.