வாசகர் கேள்வி – பதில்: மலை வீட்டில் பழைய வாஷிங் மெஷின்

கேள்வி: எங்கள் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினுக்கு வயது பதினான்கு. கொஞ்ச நாளாகத் துவைக்கும் தொட்டியில் ‘உம்’மென்ற இரைச்சல் மட்டும் கேட்கிறது; துணி சுற்றுவதில்லை. ஸ்பின் பக்கம் நன்றாகவே ஓடுகிறது. பார்க்க வந்தவர், மோட்டார் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்கிறார். ஏற்கலாமா?
— வாசகி ஒருவர், கோத்தகிரி

பதில்: உடனே ஏற்க வேண்டாம். ‘உம்’மென்று இரைகிறது என்றால், மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தும் அதனால் சுழலத் தொடங்க முடியவில்லை என்று பொருள். மோட்டார் எரிந்திருந்தால் பெரும்பாலும் கருகிய வாடை முந்திக்கொண்டு வந்திருக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

முதலில் ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. பிறகு தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுகி நின்றால், நடுவில் இருக்கும் திருகைக் கழற்றி அதை மேலே தூக்குங்கள். நாணயம், ஹேர்பின், குழந்தையின் சாக்ஸ் ஆகியவை எந்த ஊரிலும் சிக்கக்கூடியவை. மலை வீடுகளில் இவற்றோடு ஸ்வெட்டரிலும் மஃப்ளரிலும் உதிர்ந்த கம்பளி நூல் சோப்போடு சேர்ந்து திரண்டு, பல்சேட்டரின் கழுத்தைச் சுற்றிக் கயிறு போல இறுகியிருப்பதும் உண்டு. அதைக் கத்தரித்து எடுத்தாலே சில மெஷின்கள் ஓடத் தொடங்கிவிடும். எடுத்த பிறகும் தண்டு திரும்பவில்லை என்றால், அதைத் தாங்கும் புஷ் ஈரத்தில் துருப்பிடித்திருக்கலாம். அது பட்டறையில் செய்ய வேண்டிய வேலை.

பல்சேட்டர் தாராளமாகத் திரும்பினால் பின்பக்க மூடியைக் கழற்றிப் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் மோட்டார் வேகமாக ஓடும் சத்தமும் கிறீச்சொலியும்தான் கேட்கும், வெறும் இரைச்சல் கேட்காது. ஆகவே உங்கள் வீட்டுக் கோளாறு அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு. என்றாலும் மூடியைத் திறந்த கையோடு, பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் சரி. அதற்கு மேல் தொய்ந்தால் மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சற்று நகர்த்தி முறுக்கலாம். உள்பக்கம் வெடித்திருந்தால், அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

என் சந்தேகமெல்லாம் கெப்பாசிட்டர் மீதுதான். கடைகளில் கண்டென்சர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். மோட்டாருக்குத் தொடக்க உந்துதலைத் தருவது அதுதான். அது செத்தால் மோட்டார் இரைந்துகொண்டு நிற்கும். துவைக்கும் மோட்டாருக்கும் ஸ்பின் மோட்டாருக்கும் கெப்பாசிட்டர் அளவு வேறு என்பதால், ஸ்பின் நன்றாக ஓடுவதை வைத்து இதற்குக் கோளாறில்லை என்று முடிவு செய்ய முடியாது. புதிதாக வாங்கும்போது மைக்ரோஃபேரட் அளவு பழையதில் உள்ளதாகவே இருக்க வேண்டும். வோல்ட் அளவு குறையக் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே அதன் முனைகளை நீங்கள் தொடாமல், மாற்றும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நல்ல கெப்பாசிட்டர் ஒன்றை இணைத்து மோட்டாரை மட்டும் ஓட்டிக் காட்டுமாறு அவரிடம் கேளுங்கள். அப்போது ஓடினால் மோட்டார் நலமாக இருக்கிறது. மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் கெப்பாசிட்டரின் விலை அற்பம்.

உண்மையிலேயே மோட்டார் போயிருந்தாலும், அடிப்பாகம் பிளாஸ்டிக்காக இருந்தால் மாற்று மோட்டார் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்பேன். அடித்தகடு துருவேறி, மோட்டார் போல்ட்டுகள் பிடிமானம் இல்லாமல் ஆடினால் மட்டும் செலவு செய்ய வேண்டாம்.

கேள்வி: ஸ்பின் தொட்டியின் மூடியைத் திறந்த பிறகும் டிரம் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. துணி நன்றாகப் பிழிவதால் அப்படியே பயன்படுத்தி வருகிறோம்.
— வாசகர் ஒருவர், குன்னூர்

பதில்: இன்றே நிறுத்துங்கள். மூடியைத் திறந்ததும் சில நொடிகளில் டிரம்மை நிறுத்துவது பிரேக். அதன் கம்பி தளர்ந்திருக்கும் அல்லது ரப்பர் கட்டை தேய்ந்திருக்கும். இரண்டும் சிறிய வேலைகள். சுற்றும் டிரம்மில் ஒரு சேலை நுனி மாட்டினால், அது கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சரிசெய்யும் வரை ப்ளக்கைச் சொருகவே கூடாது.

கேள்வி: முன்பக்கக் கதவுள்ள மெஷின். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் கரும்புள்ளிகள். துவைத்த துணியிலும் பூஞ்சை வாடை. கதவைத் திறந்து வைத்தும் பயனில்லை. சமவெளியில் உள்ள உறவினர்கள் உப்புக்கறை நீக்கும் பொடியைப் போடச் சொல்கிறார்கள்.
— வாசகி ஒருவர், உதகமண்டலம்

பதில்: அந்தப் பொடி அவர்கள் ஊர்த் தண்ணீருக்கு உரியது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில்தான் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும். மழையையும் ஊற்றையும் நம்பியிருக்கும் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. மென்மையான தண்ணீரில் நுரை அதிகம் வரும் என்பதால், டிடர்ஜென்ட் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவே உங்களுக்கு அதிகமாகிவிடும். அலசி முடிந்த பிறகும் கதவுக் கண்ணாடியில் நுரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். அலசிப் போகாத சோப்புதான் பூஞ்சைக்கு உணவு.

மூடுபனி நாளில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால், கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே காயாது. ஒவ்வொரு முறையும் ரப்பரின் மடிப்பை விரித்து, உலர்ந்த துணியால் துடைத்தே ஆக வேண்டும். அந்த மடிப்பின் கீழ்ப்பகுதியில் ஒரு கரண்டி அளவாவது தண்ணீர் நிற்கும். சோப்பு டிராயரையும் இழுத்துக் கழுவுங்கள். கீழ் மூலையில் உள்ள டிரெயின் ஃபில்டரையும் திறந்து சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் கொட்டும் என்பதால் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு திறப்பது நல்லது.

மாதம் ஒருமுறை, துணி போடாமல், இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே, மெஷினில் 95 டிகிரி இருந்தால் அதை விட்டுவிட்டு 60 டிகிரியைத் தேர்ந்தெடுங்கள். பூஞ்சைக்கு அதுவே போதும். பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: ஜூன் மாதம் பிறந்தால் மெஷினில் தண்ணீர் நூலாக இறங்குகிறது. மெஷினின் மேல் கை வைத்தால் இலேசாகச் சுரீரென்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர் ஒருவர், கூடலூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. தண்ணீர் குறைவதற்குக் காரணம் மழைக்கால வண்டல்: குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்புறம் ஹோஸைக் கழற்றினால் உள்ளே விரல்நுனி அளவுச் சல்லடை ஒன்று தெரியும். அதை இடுக்கியால் மெதுவாக இழுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அதன் பிறகும் வேகம் வராவிட்டால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மெஷினைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மூன்று மீட்டருக்குக் குறைந்தால் பல முழு ஆட்டோமேட்டிக் மெஷின்கள் திணறும்.

சுரீரென்பதைத்தான் நீங்கள் முதலில் கவனித்திருக்க வேண்டும். மெஷினுக்குள் மின்கசிவு இருக்கலாம். அதை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த்தும் சரியில்லை. பாறை மண்ணில் எர்த் குழி எளிதில் பலவீனமாகும் என்பதால், வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்த்து, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். மெஷினைச் சாய்த்து அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எலிகள் அங்கே ஒதுங்கி ஒயரைக் கடிப்பது வழக்கம், கடித்த இடத்தில் ஈரம் பட்டாலே இப்படிச் சுரீரென்னும். ஒயரை மாற்றியதும் அடிப்பக்கத் திறப்பைக் கம்பி வலையால் மூடிவிடுங்கள். பிளாஸ்டிக் வலையை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.