மணி எழுதாத டைம்டேபிள்: மாலைப் படிப்பும் ஓய்வும், சில கேள்விகள்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வந்த வாரத்தில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்: சாயங்காலம் பிள்ளையை எப்படிப் படிக்க உட்கார வைப்பது? 22 வருடம் வகுப்பறையில் நின்றவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். என் வீட்டில் இதே சண்டை எத்தனை வருடம் நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

டீச்சர், மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். 5.15-க்கு வேன் வந்து இறக்கிவிடும். பையைப் போட்டுவிட்டு சோபாவில் விழுந்தால் ஏழு மணி வரை அசைய மாட்டான். நாலு தடவை சார்ட் எழுதி ஒட்டிவிட்டேன். ஒன்றுகூட மூன்று நாளைத் தாண்டவில்லை. (ஓர் அம்மா, திருநெல்வேலி)

நீங்கள் அனுப்பிய சார்ட்டைப் பார்த்தேன். 5.30-க்கு டிபன், 5.45-க்கு விளையாட்டு, 6 முதல் 9 வரை படிப்பு. விளையாட்டுக்குக் கால் மணி நேரம் என்றால், செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்த் திரும்பத்தான் சரியாக இருக்கும். மூன்றாம் நாள் இது கிழிந்ததற்குப் பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

கணக்கைப் பின்பக்கத்திலிருந்து போடுங்கள். முதலில் தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016-ல் சொன்னது. காலை 6 மணிக்கு எழுகிற பையன் இரவு 9.30-க்குப் படுத்தால் எட்டரை மணி நேரம் ஆகிறது. வேனிலிருந்து இறங்கியதிலிருந்து படுக்கிறவரை உங்கள் கையில் இருப்பது நாலேகால் மணி நேரம். அதில் முகம் கழுவி, டிபன் சாப்பிட்டு, சும்மா கிடக்க 45 நிமிடம். விளையாட ஒரு மணி நேரம். இரவுச் சாப்பாடும் அந்த நேரத்துப் பேச்சும் 45 நிமிடம். நாளைக்குப் பை அடுக்கிப் படுக்கையை விரிக்க அரை மணி. மூன்று மணி நேரம் போய்விட்டது. மிச்சம் ஒன்றேகால் மணி நேரம்தான்.

இவ்வளவுதானா என்று பதற வேண்டாம். மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை (2020) ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றுதான் சொல்கிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் அது அடங்கும். மூன்று மணி நேரம் என்று எழுதிவிட்டு, பாதி நேரம் பென்சில் சீவிக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

அடுத்தது, சார்ட்டில் மணி எழுதாதீர்கள், வரிசையை மட்டும் எழுதுங்கள். டிபன், விளையாட்டு, வீட்டுப்பாடம், சாப்பாடு, பை. ஒவ்வொன்றையும் வீட்டில் தானாக நடக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். விளக்கேற்றியதும் புத்தகம். தட்டு கழுவியதும் பை. வேன் 20 நிமிடம் தாமதமானால் வரிசை அப்படியே நகரும். மணி எழுதின சார்ட்டில் வேன் தாமதமான அந்த நிமிடமே பையன் தோற்றுவிடுகிறான். தோற்ற ஆட்டத்தை யார் தொடர்ந்து ஆடுவார்கள்?

எங்கள் வீட்டில் நாள்களை மூன்றாகப் பிரித்திருந்தோம்: முழுச் சாப்பாட்டு நாள், மினி மீல்ஸ் நாள், கஞ்சி நாள். முழுச் சாப்பாடு என்றால் வீட்டுப்பாடம், ஒரு பாடம் திருப்பிப் பார்ப்பது, கால் மணி நேரம் வாசிப்பு. மினி மீல்ஸ் என்றால் வீட்டுப்பாடமும் ஐந்து நிமிடத் திருப்புதலும். கஞ்சி நாளில் நாளைக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது மட்டும், அப்புறம் தூக்கம். விளையாட்டு விழா ஒத்திகை, தலைவலி, சித்தி வீட்டு வளைகாப்பு எல்லாம் கஞ்சி நாள். இன்று என்ன நாள் என்று பிள்ளையே சொல்லட்டும். வாரத்துக்கு இரண்டு கஞ்சிக்கு மேல் கிடையாது என்று ஒரே ஒரு விதி வைத்தோம். என் மகள் இரண்டையும் திங்கள், செவ்வாயிலேயே செலவழித்துவிட்டு வெள்ளிக்கிழமை முழித்த வாரங்கள் உண்டு. அதற்குப் பிறகு சேமிக்கக் கற்றுக்கொண்டாள்.

இன்னொரு விஷயம். நேரத்தைக் குறைத்துக் கணக்கிடுவது பிள்ளைகளின் குணம் மட்டுமில்லை, எல்லோருக்கும் அது உண்டு. கானிமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குப் பெயர் வைத்து எழுதினார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட வகுப்பு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது 55 நாள். நானும் 40 விடைத்தாளை ஒரே ராத்திரியில் திருத்திவிடுவேன் என்று மூன்று ராத்திரி உட்கார்ந்தவள்தான். அதனால் பையன் ஒரு வேலைக்கு 20 நிமிடம் என்று சொன்னால் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாம் வகுப்பு. ஸ்பெஷல் கிளாஸ் 5.30 வரை. 6 முதல் 8 வரை டியூஷன். வீட்டுக்கு வர 8.30. எப்போது படிப்பது, எப்போது ஓய்வெடுப்பது, மிஸ்? (மாணவி, சேலம்)

உன் நாளில் ஓய்வுக்கு இடமே இல்லை, அதை முதலில் ஒத்துக்கொள்வோம். நீ சோம்பேறி இல்லை கண்ணு. காலை 9 மணியிலிருந்து யாரோ ஒருவர் உனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே இருக்கிறார். அதை மனதில் உட்கார வைக்கத்தான் நேரம் இல்லை.

இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம். 5.30-க்கும் 6-க்கும் நடுவில் உள்ள அரை மணி உன் சொத்து. அப்போது புத்தகம் வேண்டாம். சுண்டலோ வாழைப்பழமோ ஏதாவது சாப்பிடு, தோழிகளோடு நடந்து போ. 8.30-க்கு வந்து குளித்துச் சாப்பிட்டால் 9.15. அதிலிருந்து 40 நிமிடம் மட்டும் படி. 10.15-க்குள் படுத்து 6.15-க்கு எழுந்தால் எட்டு மணி நேரம்.

அந்த 40 நிமிடத்தில் பாடத்தை மறுபடி வாசிக்காதே. புத்தகத்தை மூடிவிட்டு, இன்று நடந்ததில் நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுது. பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேர். ரோடிகர், கார்ப்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

அப்பா அம்மாவிடம் இதையும் காட்டு: ஐந்து பாடத்துக்கும் டியூஷன் வேண்டுமா? கணக்குக்கு மட்டும் என்றால், வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் உனக்குத் திரும்பக் கிடைக்கும். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் வகுப்பு ஆசிரியையை விட்டுச் சொல்லச் சொல். பெரும்பாலும் அவர் சொல்வது எடுபடும்.

விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிறார் என் மாமியார். ஒன்பதாவது படிக்கும் பையன் 11 மணிக்குப் படுத்து 4-க்கு எழுகிறான். வகுப்பில் தூங்குவதாகப் புகார் வருகிறது. (திண்டுக்கல்)

புகாரிலேயே பதில் இருக்கிறதே. உங்கள் மாமியார் காலத்தில் எட்டரை மணிக்கு ஊர் அடங்கிவிடும். அப்படிப் படுத்தவருக்கு 4.30 நல்ல நேரம். 11 மணிக்குப் படுத்தவனுக்கு அது நடுராத்திரி. அதோடு, பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கத்துக்கான மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். படித்ததை மூளை பதியவைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை வெட்டி அந்த நேரத்தில் படிக்கவைப்பது விதைநெல்லை எடுத்துச் சமைப்பது மாதிரி. மாமியாரிடம் சண்டை வேண்டாம். “சரிங்க அத்தை, எட்டரைக்கு டிவியை அணைத்துவிடலாம், 4.30-க்கு எழுப்பலாம்” என்று சொல்லிப் பாருங்கள்.

ஓய்வு நேரம் கொடுத்தால் போனைத்தான் எடுக்கிறாள். நானும் மனைவியும் ஷிப்ட் வேலை. வீட்டில் பாட்டி மட்டும். ரீல்ஸ் பார்ப்பது ஓய்வுதானா? (ஆவடி)

முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். தெருக் கிரிக்கெட்டை இருட்டு முடித்துவைக்கும். ஒரு எபிசோடு தானாக முடியும். ரீல்ஸை யார் முடித்துவைப்பது? அதனால் பத்து நிமிட இடைவேளைகளில் போன் வேண்டாம். படிப்பெல்லாம் முடிந்த பிறகு, அளவோடு, கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இடைவேளையில் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடிப்பது, செடிக்குத் தண்ணீர், பாட்டியோடு ஒரு ஆட்டம் பல்லாங்குழி, இப்படி உடம்பு அசைகிற ஏதாவது இருக்கட்டும். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மாலையில் அதைக் கொடுக்காவிட்டால் வேறு எப்போது?

பாட்டியைப் போலீஸ் ஆக்காதீர்கள். போனைப் பிடுங்குகிற வேலையை அவருக்குக் கொடுத்தால் வீட்டில் இருக்கிற ஒரே துணையும் பேத்திக்கு எதிரியாகிவிடும்.

இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் தினம் எவ்வளவு நேரம் படிப்பு? (ஓசூர்)

வீட்டுப்பாடமே வேண்டாம். முன்பு சொன்ன அதே கொள்கை இரண்டாம் வகுப்பு வரை அப்படித்தான் சொல்கிறது. கதை சொல்லுங்கள், மளிகைக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சில்லறை எண்ண விடுங்கள்.

25 நிமிடம் டைமர் வைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். கணக்கு பாதியில் இருக்கும்போது மணி அடித்தால் எரிச்சலாக வருகிறது. (பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், கோவை)

அந்த முறையை 1980-களின் கடைசியில் கண்டுபிடித்தவர் பிரான்செஸ்கோ சிரில்லோ, அப்போது அவர் இத்தாலியில் ஒரு கல்லூரி மாணவர். படிப்பில் மனம் நிற்காமல், சமையலறையிலிருந்த தக்காளி வடிவ டைமரைத் திருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தக்காளிக்கு இத்தாலியச் சொல் பொமொடோரோ. முறைக்கும் அதே பெயர். அவருக்குத் தோதான அளவு உனக்கும் தோதாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உட்காரவே மனமில்லாத உயிரியல், வரலாறு மாதிரிப் பாடங்களுக்கு 25 நிமிடம் நல்ல தூண்டில். தொகையீட்டுக் கணக்குக்கு நிமிடத்தை விட்டுவிட்டு எண்ணிக்கை வை: நாலு கணக்கு, அப்புறம் எழுந்து பத்து நிமிடம் நட. ஒரே கணக்கில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டால் ஓரத்தில் புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. திரும்பி வரும்போது பாதி நேரம் அது தானே அவிழ்ந்துகொள்ளும்.

ஒரே அறை வீடு. ஏழரைக்கு மேல் சீரியல் ஓடும். பிள்ளைகள் இரண்டு பேர். (ராயபுரம்)

சீரியலை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நாள் முழுக்க வேலை பார்த்தவருக்கும் ஓய்வு வேண்டும். வேலையைச் சத்தத்துக்கு ஏற்றபடி பிரியுங்கள். ஏழரைக்கு முன்னால் மனப்பாடமும் கணக்கும். சீரியல் ஓடும்போது ரெக்கார்டு நோட்டில் படம், மேப், அட்டை போடுவது. ஒலியைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

வாரம் முழுக்க விட்டதை ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் படிக்கவைக்கிறேன். அன்றைக்குத்தான் பெரிய ரகளை. (ஓர் அப்பா, தஞ்சாவூர்)

விட்டது விட்டதுதான். எல்லாவற்றையும் வட்டியோடு ஞாயிற்றுக்கிழமை வசூலித்தால் ரகளை வராமல் என்ன செய்யும்? எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-ல் வெளியிட்ட முடிவு இது: படித்ததில் பெரும்பகுதி மறப்பது முதல் ஒரு நாளுக்குள்தான், பிறகு மறதி மெதுவாகும். திங்கட்கிழமைப் பாடத்தைச் செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் தொட்டால் போதும். ஞாயிறு வரை விட்டால் ஏறக்குறைய புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

விட்டதில் முக்கியமான ஒன்றை மட்டும் பையனே தேர்ந்தெடுக்கட்டும். ஞாயிறு காலை இட்லிக்கும் குளியலுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம், அதோடு சரி. மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நீங்கள் பாயை விரிப்பீர்கள் அல்லவா, அவனுக்கும் பக்கத்தில் ஒரு தலையணை போடுங்கள்.