பாஸ்போர்ட் ஏஜெண்டிடம், பையன் பினாங்கில்

கேள்வி: என் மகன் பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நண்பர்களோடு வாடகை பைக்கில் பாலிக் புலாவுக்கு டுரியான் சாப்பிடப் போனவன், தெலுக் பகாங் மலைப்பாதை வளைவில் சறுக்கி விழுந்துவிட்டான். தோள்பட்டையில் எலும்பு விரிசல். மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. அங்கே தங்கிப் படிக்க மலேசியா தரும் அனுமதியான மாணவர் பாஸ் முடிய இன்னும் 24 நாள்தான் இருக்கிறது. அவனைச் சேர்த்துவிட்ட ஏஜெண்ட், புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு மாதத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். இப்போது, "வருகைப்பதிவு போதாது, புதுப்பிக்க மாட்டார்கள். 2,500 ரிங்கிட் கொடுத்தால் பாஸ்போர்ட்டையும் ஹாட்யாய் பஸ் டிக்கெட்டையும் தருகிறேன். தாய்லாந்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு விசா இல்லாமலே திரும்பி வரட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். பணம் அனுப்பலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. பையன் பஸ் ஏறவும் வேண்டாம்.

இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம் என்பது உண்மைதான். 2023 டிசம்பர் 1 முதல் அந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. அப்படி நுழைந்தவன் கல்லூரியில் உட்கார்ந்து படிக்க முடியாது, உள்ளே இருந்தபடியே அதை மாணவர் பாஸாக மாற்றவும் முடியாது. முதலில் அனுமதிக் கடிதம் வர வேண்டும், அப்புறம்தான் ஆள் நுழைய வேண்டும். பழைய பாஸைக் காலாவதியாக விட்டுவிட்டு இப்படித் திரும்பினால், உங்கள் பையன் இரண்டாம் ஆண்டு மாணவன் இல்லை, வெறும் சுற்றுலாப் பயணி. மறுபடி புது விண்ணப்பம், புதுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, கடிதம் வரும்வரை தஞ்சாவூரில் காத்திருப்பு. புது மாணவர் என்றால் ஏஜெண்டுக்குப் புதுக் கமிஷனும் உண்டு. அவருடைய அக்கறை எங்கிருந்து வருகிறது என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அதோடு, தாய்லாந்திலிருந்து மலேசியாவுக்குள் நுழையும் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இந்த வித்தை தெரியாது என்று நினைக்காதீர்கள். முதுகில் கல்லூரிப் பை, பாஸ்போர்ட்டில் நேற்று முடிந்த மாணவர் பாஸ், "எதற்கு வருகிறாய்?" என்றால் "சுற்றிப் பார்க்க" என்கிற பதில். இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பையனுக்காக நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். அவனுடைய துணிமணி, மடிக்கணினி எல்லாம் பினாங்கு ஜார்ஜ் டவுன் அறையில், அவன் ஹாட்யாய் விடுதியில்.

இப்போது ஏஜெண்ட் சொல்கிற பயத்துக்கு வருவோம். மாணவர் பாஸைப் புதுப்பிக்க வருகைப்பதிவு 80 சதவீதம் இருக்க வேண்டும், மதிப்பெண் சராசரி (4-க்கு) 2.0-க்குக் குறையக்கூடாது. 14 வாரப் பருவத்தில் மூன்று வாரம் போனால் என்ன ஆகும்? சுமார் 79 சதவீதம். ஒரு சதவீதம் குறைகிறது, அவ்வளவுதான். அதுவும் அடிபட்டுக் கிடந்ததற்கு மருத்துவமனை கொடுத்த விடுப்புச் சான்று (இங்கே எல்லோரும் 'எம்சி' என்பார்கள்) இருந்தால், கல்லூரி அதைச் சேர்த்து விளக்கக் கடிதம் எழுதலாம். எம்சியை இன்றே தேடி எடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு சதவீதத்துக்கு 2,500 ரிங்கிட்!

இன்னொன்று. பாஸைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பது ஏஜெண்ட் இல்லை, கல்லூரி. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கையாளும் இஎம்ஜிஎஸ் என்ற அமைப்பு வழியாகக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவுதான் அனுப்பும். அப்படியிருக்க, ஏஜெண்ட் கையில் இரண்டு மாதமாக அந்தப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. பிடிமானத்துக்காக வைத்திருக்கிறார். இந்தியப் பாஸ்போர்ட் உங்கள் பையனுக்கே சொந்தமில்லை. 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. மலேசியாவிலும் அடுத்தவர் பாஸ்போர்ட்டை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966-ம் ஆண்டு கடப்பிதழ் (பாஸ்போர்ட்) சட்டப்படி குற்றம். ஏஜெண்டுக்கு இதை வாட்ஸ்அப்பில் எழுதி, நாளை மாலைக்குள் திருப்பித் தரும்படி கேட்கட்டும். பேச வேண்டாம், எழுதட்டும். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார். பாஸ்போர்ட் இன்னார் கையில் இருக்கிறது, கேட்டும் தரவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். "தொலைந்துபோனது என்று எழுதிவிடு, புதுசு வாங்கிவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தப் பொய்ப் புகார் பையனையே குற்றவாளி ஆக்கிவிடும். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கும், வெளியுறவு அமைச்சகம் வெளிநாட்டு இந்தியர்களின் புகார்களுக்காக நடத்தும் 'மதத்' இணையதளத்துக்கும் அன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள். தஞ்சாவூரில் இருந்தபடி நீங்களே செய்யலாம்.

பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே என்று சொன்னால் சில பிள்ளைகள் கல்லூரி அலுவலகத்திடமும் கொடுக்க மறுத்து, அதனாலேயே புதுப்பித்தல் தாமதமாகிறது. அது வேறு, இது வேறு. கல்லூரி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுத்த தேதியும் வாங்கியவர் பெயரும் உள்ள ரசீது வேண்டும். பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கிறது, புதுப்பிக்கப் போயிருக்கிறது என்று கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். தெருவில் போலீசோ குடிநுழைவு (இமிகிரேஷன்) அதிகாரியோ நிறுத்தினால் காட்ட அந்தக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும்தான் இருக்கும். சரி, கல்லூரி ஊழியர் ஒருவர் விடுதிக்கே வந்து "நான் ஆபீஸ்தான், கொடு" என்றால்? கொடுக்கக் கூடாது. அலுவலகத்துக்குப் போய், கவுண்டரில், ரசீது வாங்கிக் கொடுக்க வேண்டும். "கல்லூரி சொல்லித்தான் வாங்குகிறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால்? அப்போதும் கூடாது. ஏஜெண்ட் கல்லூரி இல்லை. கல்லூரிச் சின்னம் போட்ட டீ-ஷர்ட் போட்டிருந்தாலும் இல்லை.

24 நாள் போதுமா என்று கேட்பீர்கள். மூன்று மாதம் முன்பே தொடங்கு என்பதுதான் வழக்கம், ஆகவே தாமதம்தான். 2012-ல் இஎம்ஜிஎஸ் வந்தபோது இனி எல்லாம் ஒரே ஜன்னலில் முடிந்துவிடும் என்றார்கள். ஜன்னல் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்னால் கல்லூரி, அமைப்பு, குடிநுழைவுத் துறை என்று மூன்று மேசை. விண்ணப்பம் எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று இணையத்தில் எண் காட்டுவார்கள். வாரக்கணக்கில் அதே எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? இந்த மௌனத்தில்தான் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். தேதி முடியும்வரை முடிவு வரவில்லை என்றால், கல்லூரிக் கடிதத்தோடு குடிநுழைவுத் துறையில் 'பாஸ் காஸ்' என்ற சிறப்பு அனுமதி கேட்கலாம். கட்டணம் 100 ரிங்கிட். தேதி முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் தங்கிவிட்டால் குடிநுழைவுச் சட்டத்தில் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும்.

பையன் எங்காவது உணவகத்தில் பகுதி நேரம் வேலை பார்க்கிறானா என்று தனியாகக் கேளுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் அதற்கு அனுமதி கிடையாது. ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில்தான், வாரம் 20 மணி நேரம், அதுவும் அனுமதி வாங்கி. ஏஜெண்ட் மிரட்டுவதற்குப் பெரும்பாலும் இதைத்தான் கையில் வைத்திருப்பார். அப்படி வேலை பார்த்திருந்தால், காவல் நிலையத்துக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடட்டும்.

பைக் கடைக்காரர் சேதத்துக்குப் பணம் கேட்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்பார். விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், தாமதத்துக்குக் காரணம் காட்டி இப்போதாவது பதிவு செய்யட்டும். பட்டறை பில் இல்லாமல் ஒரு ரிங்கிட்டும் கொடுக்க வேண்டாம்.